தெரிந்து செய்தது, நாடிச் செய்தது: கேகாலையிலிருந்து போன இரண்டு வழக்குகள்

"வேணுமெண்டு செய்தனியோ?"

வீட்டில் ஒரு கண்ணாடிக் குவளை உடைந்தாலும் சரி, பள்ளிக்கூடத்தில் ஒருவன் கால் தடக்கி மற்றவன் விழுந்தாலும் சரி, எங்களிடம் முதலில் கேட்கப்படுகிற கேள்வி இதுதான். உடைந்த குவளை எப்படி உடைந்தாலும் உடைந்ததுதான். ஆனால் "தெரியாமல் பட்டிட்டுது" என்றால் ஒரு பதில், "வேணுமெண்டுதான்" என்றால் வேறொரு பதில். அடி விழுவதா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது குவளை அல்ல, உடைத்தவரின் மனம்.

குற்றவியல் சட்டமும் அடிப்படையில் இதே கேள்வியைத்தான் கேட்கிறது. கேட்கிற விதம் கொஞ்சம் நுணுக்கமானது. "வேணுமெண்டு" என்பதற்குள் இரண்டு விசயங்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, இப்படி நடக்கும் என்று தெரிந்திருப்பது. மற்றது, இப்படி நடக்க வேண்டும் என்று விரும்பிச் செய்வது. இரண்டும் ஒன்றா, வேறா? படிக்கும்போது இது தத்துவ வகுப்புக் கேள்வி மாதிரித் தெரியும். ஆனால் இந்தக் கேள்விக்குச் சொல்லப்பட்ட பதில் ஒன்று, 1950 இல் ஒரு தோட்டத் தொழிலாளியைக் குற்றவாளி என்ற பெயரிலிருந்து காப்பாற்றியது. மூன்று வருடங்களுக்குப் பிறகு அதே இடத்திலிருந்து வந்த, அதே மாதிரியான ஒரு பதில், மலையகத் தமிழர் வாக்குரிமையை இழந்ததைச் சட்டப்படி சரி என்று ஆக்கியது. இரண்டு வழக்குகளும் கேகாலை மாவட்டத்திலிருந்து போனவை. இரண்டையும் முடித்து வைத்தது இலண்டனில் இருந்த கோமறைக் கழகம், அதாவது பிரிவி கவுன்சில். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கவேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறோம்.

எல்லாளனின் இரண்டு தேர்கள்

சட்டத்துக்குள் போக முதல், எங்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு கதை. பசுக்கன்று ஒன்று இளவரசனின் தேர்ச்சில்லில் அகப்பட்டுச் செத்துப்போகிறது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடிக்கிறது. அரசன் தன் மகனையே தேர்க்காலில் பலி கொடுக்கிறான். பெரியபுராணத்தில் இது திருவாரூரில் மனுநீதிச் சோழனுக்கு நடக்கிறது. மகாவம்சத்தில் அனுராதபுரத்தில் எல்லாளனுக்கு நடக்கிறது. தன் கதையின் நாயகனான துட்டகைமுனுவுக்கு எதிரி என்றாலும், 44 வருடங்கள் ஆண்ட இந்த அரசனின் நீதியை மகாவம்சம் மறைக்கவில்லை.

இந்தக் கதையைச் சின்ன வயதில் கேட்கும்போது நாங்கள் அரசனைத்தான் பார்த்து வியக்கிறோம். மகனை யாரும் பார்ப்பதில்லை. அவன் கன்றைக் கொல்ல நினைக்கவில்லை. இன்றைய சட்டத்தில் என்றால் அது விபத்து, மிஞ்சி மிஞ்சிப் போனால் கவனயீனம். கதையில் மனத்துக்கு இடமே இல்லை. உயிர் போனது, ஆகவே உயிர் போகவேண்டும்.

மகாவம்சத்தின் அதே அதிகாரத்தில் இன்னொரு தேர்க்கதையும் இருக்கிறது. அது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. எல்லாளன் தேரில் போகும்போது தேரின் நுகத்தடி ஒரு தூபியில் முட்டி, கற்கள் சரிந்து விழுகின்றன. அவன் வேண்டுமென்று செய்யவில்லை என்று நூலே சொல்கிறது. ஆனாலும் அரசன் தேரிலிருந்து குதித்து வீதியில் படுத்து, இந்தச் சில்லாலேயே என் தலையை வெட்டுங்கள் என்கிறான். தன் மகனுக்குச் செய்த அதே தீர்ப்பு. அமைச்சர்கள் மறுக்கிறார்கள். மற்றவர்களுக்குத் துன்பம் செய்வதைத் தங்கள் குரு விரும்பமாட்டார், தூபியைத் திருத்திக் கொடுத்துச் சமாதானம் செய்யுங்கள் என்கிறார்கள். விழுந்தது 15 கற்கள். அவற்றைத் திரும்ப வைக்க அரசன் 15,000 ககாபணம் செலவழிக்கிறான்.

முதல் கதையில் நோக்கம் இல்லாவிட்டாலும் தண்டனை. இரண்டாவதில் நோக்கம் இல்லாததால் தண்டனை இல்லை, ஆனால் திருத்திக் கொடுக்கும் கடமை இருக்கிறது. தண்டிப்பதும் திருத்திக் கொடுப்பதும் வேறு வேறு கேள்விகள் என்பதை அந்த அமைச்சர்கள் பிரித்துப் பார்த்தார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்குத் திரும்ப வருவோம்.

மனம் சட்டத்துக்குள் வந்த கதை

பழைய சட்டங்கள் பலவற்றுக்கு எல்லாளனின் முதல் கதை ஆச்சரியமாகவே இருந்திருக்காது. இங்கிலாந்தில் ஒரு மாட்டு வண்டியோ குதிரையோ ஒரு ஆளைக் கொன்றுவிட்டால், அந்த வண்டியோ குதிரையோ அல்லது அதன் பெறுமதியோ அரசுக்குப் பறிமுதலாகும். வண்டிக்கு மனம் இல்லை என்பது ஒரு பொருட்டாகவே இல்லை. இந்த வழக்கம் 1846 வரைக்கும் சட்டத்தில் இருந்தது. புகையிரதங்கள் வந்து, விபத்துகளில் ஆட்கள் சாகத் தொடங்கி, கம்பனிகளின் இயந்திரங்களே பறிபோகும் நிலை வந்த பிறகுதான் அதை நீக்கினார்கள்.

இன்னொரு பக்கத்தில், தேவாலயச் சட்டத்தின் செல்வாக்கோடு வேறொரு எண்ணம் வளர்ந்து வந்தது. பாவம் என்பது மனதில் இருக்கிறது என்று மதம் சொன்னது. மனம் குற்றப்படாமல் செயல் மட்டும் ஒருவரைக் குற்றவாளி ஆக்காது என்று சட்டம் அதை மாற்றிச் சொன்னது. சட்டம் படிக்கிற ஆட்கள் இன்றைக்கும் இதை 'மென்ஸ் ரேயா' என்ற இலத்தீன் பெயரில் சொல்வார்கள். குற்றமுள்ள மனம் என்று பொருள்.

ஆனால் மனதை எப்படிக் கண்டுபிடிப்பது? யாரும் இன்னொருவரின் தலைக்குள் எட்டிப் பார்க்க ஏலாது. ஆகவே செயலைப் பார்த்து, சூழ்நிலையைப் பார்த்து, ஆயுதத்தைப் பார்த்து, முன்பு சொன்ன வார்த்தைகளைப் பார்த்து ஊகிக்கிறோம். குற்றவியல் சட்டத்தின் உளவியல் என்பது பெரும்பாலும் இந்த ஊகத்தின் வரலாறுதான்.

எங்கள் நாட்டுக்கு இந்த எண்ணங்கள் எழுத்து வடிவில் வந்தது தண்டனைச் சட்டக்கோவை மூலம். மெக்காலேயும் அவரோடு இருந்த ஆணையாளர்களும் இந்தியாவுக்காக 1837 இல் ஒரு வரைவு தயாரித்தார்கள். அது 1860 இல் இந்தியச் சட்டமானது. அதைப் பின்பற்றி இலங்கையில் 1883 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்தது. அதுவரைக்கும் குற்றங்களுக்கு இங்கே இருந்தது உரோம டச்சுச் சட்டம். இன்றைக்கும் நீதவான் நீதிமன்றத்தில் வாசிக்கப்படும் குற்றப்பத்திரங்களில் பாதிக்கு மேல் இந்த 1883 சட்டத்தின் சொற்கள்தான் ஒலிக்கும் என்று சொன்னால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

இந்தக் கோவையில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. 'குற்றமுள்ள மனம்' என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகாமல், ஒவ்வொரு குற்றத்துக்கும் எந்த மாதிரியான மனம் வேண்டும் என்று தனித்தனியாக எழுதியிருக்கிறார்கள். உயிரைப் போக்குதல் பற்றிய 293 ஆம் பிரிவைப் பாருங்கள். சாவை ஏற்படுத்தும் கருத்து என்பது ஒன்று. சாவு நேரலாம் என்ற அறிவு என்பது இன்னொன்று. கருத்தும் அறிவும் அருகருகே, ஆனால் வேறு வேறு சொற்களாக நிற்கின்றன. 298 ஆம் பிரிவு இன்னும் கீழே போய், கருத்தும் இல்லாமல் அறிவும் இல்லாமல் வெறும் கவனயீனத்தால் ஒருவரைச் சாகவைப்பதைத் தனிக் குற்றமாக வைக்கிறது. மூன்று படிகள், மூன்று அளவான தண்டனைகள்.

அப்படியென்றால், ஒரு பிரிவில் 'கருத்து' என்று மட்டும் எழுதி, 'அறிவு' என்று எழுதாமல் விட்டிருந்தால்? அந்த இடத்தில்தான் ஒரு லயன் அறை வருகிறது.

நேவ்ஸ்மயர் தோட்டம்

1940களின் நடுப்பகுதி. கேகாலை மாவட்டத்தில் நேவ்ஸ்மயர் என்று ஒரு தோட்டம். அதில் ஒரு பகுதியைக் கிராம விஸ்தரிப்புக்காக அரசாங்கம் எடுத்துக்கொள்கிறது. காணியில்லாத கிராமத்து மக்களுக்குக் காணி கொடுக்க வேண்டும் என்பது அந்தக் காலக் கொள்கை. தேவையும் உண்மையானதுதான். பெருந்தோட்டங்கள் வந்து கிராமங்களை நெருக்கியதை யாரும் மறுக்க ஏலாது. ஆனால் அந்தத் தோட்டத்தில் ஏற்கனவே ஆட்கள் குடியிருந்தார்கள். இந்திய வம்சாவளித் தொழிலாளர்கள். அவர்களுக்கு வெளியேறச் சொல்லி அறிவித்தல் கொடுக்கப்பட்டது.

தோட்டத்தில் வேலையும் வீடும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை. வேலை இருக்கும்வரை லயன் அறை. வேலை போனால் அறையும் போகும். வெளியே போகச் சொன்னால் போவதற்கு அவர்களுக்கு ஒரு ஊர் இல்லை. அவர்கள் போகவில்லை. 1946 இல் இலங்கை இந்தியக் காங்கிரசின் தலைமையில் இதை எதிர்த்து வேலைநிறுத்தம் நடந்தது. தோட்டத் தொழிலாளரின் போராட்ட வரலாற்றில் நேவ்ஸ்மயர் என்ற பெயர் இதனால்தான் நிலைத்தது.

வேலைநிறுத்தம் ஒரு பக்கம் நடக்க, வழக்கு இன்னொரு பக்கம் போனது. வெளியேற மறுத்தவர்கள் மீது போடப்பட்டது சாதாரணக் குடியியல் வழக்கு அல்ல. தண்டனைச் சட்டக்கோவையின் 427 ஆம் பிரிவு, குற்றமுறை அத்துமீறல். அப்படி வழக்குப் போடப்பட்டவர்களில் ஒருவர் சின்னசாமி செல்வநாயகம். பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். தந்தை செல்வா என்று எங்களுக்குத் தெரிந்த சா. ஜே. வே. செல்வநாயகம் வேறு, இவர் வேறு. இவர் ஒரு தோட்டத் தொழிலாளி. ஆனால் சட்டப் புத்தகங்களில் இவருடைய பெயரும் நிற்கிறது.

427 ஆம் பிரிவு என்ன சொல்கிறது? இன்னொருவரின் உடைமைக்குள் நுழைவது மட்டும் குற்றம் அல்ல. சட்டப்படி நுழைந்துவிட்டு, பிறகு சட்டத்துக்கு மாறாக அங்கேயே இருப்பது மட்டும்கூடக் குற்றம் அல்ல. ஒரு குற்றம் செய்யும் கருத்தோடு, அல்லது அந்த உடைமையை வைத்திருப்பவரை மிரட்டும், அவமதிக்கும், தொல்லைப்படுத்தும் கருத்தோடு அப்படிச் செய்தால்தான் குற்றம். செல்வநாயகம் மிரட்டவில்லை, அவமதிக்கவில்லை. மிச்சம் இருந்தது ஒன்றுதான். அவர் அறையைவிட்டுப் போகாமல் இருந்தது தோட்டத்துரையைத் தொல்லைப்படுத்தும் கருத்தோடு என்று சொல்லவேண்டும்.

அப்படித்தான் சொல்லப்பட்டது. போகச் சொல்லியும் போகாவிட்டால் துரைக்குத் தொல்லை என்பது எந்தக் குழந்தைக்கும் தெரியும். இவருக்கும் தெரிந்திருக்கும். தெரிந்தும் இருந்தார். ஆகவே தொல்லைப்படுத்தவே இருந்தார். இந்த வாதம் இலங்கை நீதிமன்றங்களில் வென்றது. செல்வநாயகம் குற்றவாளியானார்.

தெரிவதும் நாடுவதும்

வழக்கு கோமறைக் கழகத்துக்குப் போனது. 1950 இல் வந்த தீர்ப்பை சேர் ஜோன் போமன்ட் எழுதினார். முன்பு பம்பாயில் பிரதம நீதியரசராக இருந்தவர், மெக்காலேயின் சட்டத்தோடு நீண்ட காலம் பழகியவர்.

தீர்ப்பின் சாரத்தை எங்கள் பேச்சில் சொன்னால் இப்படி வரும். ஒரு விளைவு வரும் என்று தெரிந்திருப்பது வேறு, அந்த விளைவை நாடிச் செய்வது வேறு. 427 ஆம் பிரிவு கேட்பது இரண்டாவதை. ஒருவருக்குப் பல நோக்கங்கள் இருக்கலாம், ஆனால் அவரை இயக்கிய முதன்மை நோக்கம் எது என்று பார்க்கவேண்டும். தனக்கு அங்கே இருக்க உரிமை உண்டு என்று ஒருவர் நேர்மையாக நம்பினால், அந்த நம்பிக்கை சட்டப்படி எவ்வளவு பிழையாக இருந்தாலும், மற்றவருக்குத் தொல்லை வரும் என்று முன்கூட்டியே தெரிந்ததால் மட்டும் அது குற்றம் ஆகிவிடாது. செல்வநாயகத்தின் நோக்கம் தன் வீட்டில் தொடர்ந்து இருப்பது. துரைக்கு வந்த எரிச்சல் அதன் பக்க விளைவு. குற்றத்தீர்ப்பு நீக்கப்பட்டது.

இதில் ஒரு விசயத்தைக் கூட்டிச் சொல்லிவிடக் கூடாது. அந்த அறையில் இருக்க அவருக்கு உரிமை உண்டு என்று கோமறைக் கழகம் சொல்லவில்லை. அவர் குற்றவாளி அல்ல என்று மட்டும்தான் சொன்னது. குடியியல் நீதிமன்றத்துக்குப் போய் வெளியேற்றும் வழி திறந்தே இருந்தது. ஆனால் காணிப் பிரச்சினை ஒன்றைப் பொலிசையும் சிறையையும் வைத்துத் தீர்ப்பதற்கு அந்தத் தீர்ப்பு ஒரு தடையைப் போட்டது. 1960களில் இந்திய உச்ச நீதிமன்றமும் இதே கேள்வி வந்தபோது இந்தத் தீர்ப்பை எடுத்து ஆராய்ந்தது. இன்றைக்கும் இந்தியாவில் அத்துமீறல் பற்றிப் படிக்கும் மாணவர்கள், ஒரு லயன் அறைக்காரரின் பெயரை, அவர் யார் என்று தெரியாமலேயே உச்சரிக்கிறார்கள்.

எங்கள் மனம் எப்படி ஊகிக்கிறது?

சரி, கீழ் நீதிமன்றங்கள் ஏன் அப்படி நினைத்தன? நீதிபதிகளின் வர்க்கம், காலம், தோட்டத்துரைக்கு இருந்த மரியாதை எல்லாம் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது. இந்தப் பிழை எங்கள் எல்லோருடைய மனதிலும் இருக்கிறது.

2003 இல் ஜோசுவா நோப் என்ற தத்துவவியலாளர் நியூயோர்க்கில் ஒரு பூங்காவில் இருந்த ஆட்களிடம் ஒரு சின்னக் கதையைச் சொல்லிக் கேள்வி கேட்டார். ஒரு கம்பனித் தலைவரிடம் ஒரு புதிய திட்டம் வருகிறது. இலாபம் கூடும், ஆனால் சூழல் கெடும் என்கிறார்கள். 'சூழலைப் பற்றி எனக்கு அக்கறையே இல்லை, இலாபம் வந்தால் போதும்' என்று அவர் தொடங்கச் சொல்கிறார். சூழல் கெடுகிறது. அவர் வேண்டுமென்றே சூழலைக் கெடுத்தாரா? 82 வீதமானோர் ஆம் என்றார்கள். வேறு ஆட்களுக்கு அதே கதையில் ஒரு சொல்லை மட்டும் மாற்றினார். சூழல் கெடும் என்பதற்குப் பதிலாக நன்மை அடையும். தலைவர் அதே அக்கறையின்மையோடு தொடங்கச் சொல்கிறார். சூழல் நன்மை அடைகிறது. அவர் வேண்டுமென்றே நன்மை செய்தாரா? 77 வீதமானோர் இல்லை என்றார்கள்.

தலைவரின் மனம் இரண்டிலும் ஒன்றுதான். மாறியது விளைவு. விளைவு கெட்டதாக இருந்தால் நாங்கள் பின்னால் போய் நோக்கத்தை வைத்துவிடுகிறோம். நோக்கத்தைப் பார்த்துக் குற்றம் சொல்கிறோம் என்று நினைக்கிறோம். பல நேரங்களில் குற்றம் சொல்ல முடிவெடுத்துவிட்டு நோக்கத்தைக் கண்டுபிடிக்கிறோம்.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. 1975 இல் பரூக் பிஷ்கொப் செய்த ஆய்வில், 1814 இல் பிரித்தானியருக்கும் கூர்க்காக்களுக்கும் நடந்த சண்டை பற்றிப் படிக்கக் கொடுத்தார். முடிவு தெரிந்தவர்கள், அந்த முடிவு முன்கூட்டியே கூடுதலாக எதிர்பார்க்கக் கூடியதாக இருந்தது என்று மதிப்பிட்டார்கள். நடந்த பிறகு எல்லாம் தெரிந்திருக்கவேண்டியதாகவே தெரிகிறது. ஊரில் சொல்வார்களே, 'உது இப்பிடித்தான் முடியும் எண்டு எனக்கு அப்பவே தெரியும்.' அந்தப் பழக்கம் நீதிமன்றத்துக்குள் வந்தால் ஆபத்து.

இங்கிலாந்தின் உச்ச மட்டத்திலேயே அது வந்தது. 1960 இல் சிமித் என்பவரின் வழக்கு. களவுப் பொருட்களோடு நின்ற காரை மறித்த பொலிஸ்காரர் ஒருவர் காரில் தொங்குகிறார். சாரதி காரை வளைத்து நெளித்து ஓட்ட, பொலிஸ்காரர் விழுந்து வேறு வாகனம் மோதி இறக்கிறார். சாரதி உண்மையில் என்ன நினைத்தார் என்பதல்ல, சாதாரண மனிதர் ஒருவர் அந்த விளைவை எதிர்பார்த்திருப்பாரா என்பதே கேள்வி என்று பிரபுக்கள் சபை சொன்னது. விமர்சனம் எழுந்தது. அவுஸ்திரேலியாவின் உயர் நீதிமன்று இதைப் பின்பற்ற மறுத்தது. 1967 இல் பாராளுமன்றம் சட்டம் போட்டு, எல்லாச் சான்றையும் பார்த்துக் குறித்த ஆளின் மனதையே தீர்மானிக்க வேண்டும் என்று மாற்றியது. சிமித் தீர்ப்புக்குப் பத்து வருடம் முதலேயே, எங்கள் நாட்டு லயன் அறை ஒன்றைப் பற்றிய வழக்கில், தெரிவதும் நாடுவதும் ஒன்றல்ல என்று தெளிவாகச் சொல்லப்பட்டிருந்தது.

அதே மேசை, வேறு வழக்கு

இதுவரைக்கும் கதை நல்ல கதை. ஏழைத் தொழிலாளி, பெரிய அரசு, கடைசியில் நியாயம். இங்கே நிறுத்தினால் நாங்கள் வரலாற்றைப் பாதிதான் சொன்னவர்களாவோம்.

செல்வநாயகத்தின் வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்திலேயே 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்துவிட்டது. இலங்கையில் பிறந்திருந்தால் போதாது. தகப்பனும் இங்கே பிறந்திருக்கவேண்டும், அல்லது தகப்பன்வழிப் பேரனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்கவேண்டும். பிறப்புப் பதிவே ஒழுங்காக இல்லாத தோட்டங்களில் இதை எத்தனை பேர் நிரூபிக்க ஏலும்? அடுத்து 1949 இல் தேர்தல் சட்டம் திருத்தப்பட்டு, பிரசைகளுக்கு மட்டும்தான் வாக்கு என்றானது. இரண்டும் சேர்ந்து மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரின் பெயரை இடாப்பிலிருந்து எடுத்துவிட்டன. 1947 தேர்தலில் பாராளுமன்றம் போன இலங்கை இந்தியக் காங்கிரசுக்கு 1952 தேர்தலில் ஒருவர்கூட இல்லை.

கேகாலை மாவட்டத்தில் ருவான்வெல்லத் தொகுதியில் கோடகன் பிள்ளை என்பவர் தன் பெயரை வாக்காளர் இடாப்பில் சேர்க்கச் சொல்லி வழக்காடினார். அவருடைய வாதம் சோல்பரி அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவில் நின்றது. ஒரு சமூகத்தவருக்கு மற்றச் சமூகத்தவருக்கு இல்லாத தடையைப் போடும் சட்டம் செல்லாது என்று அந்தப் பிரிவு சொன்னது. பிரசாவுரிமைச் சட்டம் எந்தச் சமூகத்தின் பெயரையும் சொல்லவில்லை. ஆனால் அது யார் மேல் விழுந்தது என்பது எல்லோருக்கும் தெரியும்.

1953 இல் கோமறைக் கழகம் தீர்ப்புச் சொன்னது. நேராகச் செய்ய ஏலாததைச் சுற்றி வளைத்துச் செய்யவும் சட்டவாக்க சபைக்கு ஏலாது என்பதை அது ஏற்றுக்கொண்டது. ஒரு சட்டத்தின் தவிர்க்க ஏலாத விளைவைச் சட்டவாக்க சபை கருதியதாகவே எடுக்கவேண்டும் என்றும் சொன்னது. ஆனால் அடுத்த வரியிலேயே, அதிகாரத்துக்கு அப்பாற்பட்ட உள்நோக்கத்தை ஒரு சட்டவாக்க சபை மேல் சுமத்த நீதிமன்றம் அவசரப்படாது என்றது. அது ஒரு திட்டத்தின் பகுதி என்று எதிர்ப்பவர்தான் நிறுவ வேண்டும். இந்திய, பாகிஸ்தானிய வதிவோருக்காக 1949 இல் இன்னொரு சட்டம் வந்து ஒரு வழி திறக்கப்பட்டதால், அப்படி ஒரு திட்டம் இருந்ததாகச் சொல்ல ஏலாது. இந்தியத் தமிழரின் இடம்பெயரும் பழக்கம் பிரசைகளாக இருக்கும் தகுதியோடு சம்பந்தப்பட்ட விசயம், ஒரு சமூகம் என்ற வகையில் அவர்களோடு சம்பந்தப்பட்டதல்ல. கோடகன் பிள்ளை தோற்றார்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1950 இல், வீட்டைவிட்டுப் போகமாட்டேன் என்று நின்றதற்காக வழக்குப் போடப்பட்ட ஒரு மனிதரின் நோக்கம் அங்கேயே இருப்பது என்று சொன்ன அதே நிறுவனம், 1953 இல் அவருடைய சமூகத்துக்கு இடம்பெயரும் பழக்கம் என்றது. 1950 இல், விளைவு தெரிந்திருந்தது என்பதால் நோக்கம் இருந்தது என்று சொல்ல ஏலாது என்றது. அது ஒரு தொழிலாளியைக் காப்பாற்றியது. 1953 இல், விளைவு கண்முன்னே இருந்தும் நோக்கத்தை நிரூபி என்றது. அது ஒரு அரசைக் காப்பாற்றியது.

அப்படியென்றால் நோக்கம் என்பதே ஏமாற்றா?

எங்களில் சிலர் இந்த இடத்தில் கோபத்தோடு, நோக்கம் என்ற அளவுகோலே பலமானவர்களுக்குத்தான் என்று முடிவெடுக்கக்கூடும். நாங்கள் அப்படி நினைக்கவில்லை. நோக்கம் கேட்காத குற்றவியல் சட்டம் முதலில் விழுங்குவது செல்வநாயகம் போன்றவர்களைத்தான். விளைவு மட்டும் போதும் என்றால், வீதியில் மறியலுக்கு நின்றவரும் துண்டுப்பிரசுரம் கொடுத்தவரும், யாருக்கோ தொல்லை வந்தது என்பதற்காகவே சிறைக்குப் போவார்கள். மனிதரைச் சிறைக்கு அனுப்பமுதல் மனதைக் கேள் என்பது கஷ்டப்பட்டு வென்ற ஒரு பாதுகாப்பு.

பிழை வேறு இடத்தில் இருக்கிறது. 1953 வழக்கில் யாரையும் தண்டிக்கும்படி யாரும் கேட்கவில்லை. பாராளுமன்றத்தைக் குற்றவாளிக்கூண்டில் ஏற்றவில்லை. கோடகன் பிள்ளை கேட்டது தன் பெயரை இடாப்பில் சேர்க்க மட்டும்தான். 29 ஆம் பிரிவும் தடை உண்டாகிறதா என்றுதான் கேட்டது. நோக்கம் என்ற சொல் அதில் முக்கியமாக இருக்கவில்லை. தண்டனைக்கு வேண்டிய அளவுகோலை, திருத்திக் கொடுக்கும் கேள்விக்குள் கொண்டு வந்து வைத்ததுதான் பிழை. குற்றவாளிக்கு உரிய சந்தேகத்தின் பலனை ஒரு சட்டத்துக்குக் கொடுத்தார்கள். அந்தச் சந்தேகத்தின் விலையைச் சுமந்தது மக்கள்.

இந்தக் குழப்பம் பழைய கதை அல்ல. இனப்படுகொலை என்ற சொல்லைச் சுற்றி நாங்கள் கேட்கும் விவாதங்களை நினைத்துப் பாருங்கள். 1948 சமவாயத்தின்படி, ஒரு குழுவை முழுமையாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கம் நிறுவப்படவேண்டும். பொஸ்னியா வழக்கில் 2007 இல் சர்வதேச நீதிமன்றம் இந்த அளவுகோலை மிக உயரத்தில் வைத்தது. சிறெப்ரெனிக்காவில் நடந்தது இனப்படுகொலை என்றது, சேர்பியா அதைச் செய்தது என்று சொல்லவில்லை, ஆனால் தடுக்கத் தவறியது என்றது. அந்த நோக்கத்தை நிரூபிக்க ஏலாவிட்டால் ஒன்றுமே நடக்கவில்லை என்று சிலர் கதைப்பார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1998 இன் ரோம் சாசனத்தில் தெரிந்திருந்தது, தெரிந்திருக்கவேண்டியது என்று வேறு படிகளும் இருக்கின்றன. எங்கள் 293 ஆம் பிரிவில் கருத்துக்குப் பக்கத்தில் அறிவு நின்றதுபோல. இலங்கை அந்தச் சாசனத்தில் சேரவில்லை என்பது வேறு கதை. ஒரு படியில் சான்று போதாவிட்டாலும் மற்றப் படிகள் இருக்கின்றன. எந்தப் படியிலும் குற்றவாளி அகப்படாவிட்டாலும் இழந்தவர்களுக்குத் திருத்திக் கொடுக்கும் கடமை நிற்கிறது.

மலையகத் தமிழர் விசயத்தில் அந்தத் திருத்தம் வர எவ்வளவு காலம் எடுத்தது? 1964 இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் ஆட்களை எண்ணிப் பங்கு பிரித்தது. எஞ்சியிருந்தவர்களுக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் வந்தது 2003 இல். 1948 இலிருந்து 55 வருடங்கள். அந்த 55 வருடத்தில் ஒருவரும் 'வேணுமெண்டு செய்தனான்' என்று ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொண்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், இழந்தவர்களுக்கு இழப்பு ஒன்றுதான்.

எல்லாளனின் அமைச்சர்களுக்கு இது தெரிந்திருந்தது. அரசனின் மனம் சுத்தமா என்று அவர்கள் விசாரித்துக்கொண்டு நிற்கவில்லை. அவன் தலையையும் கேட்கவில்லை. விழுந்த கற்களைத் திரும்ப வைக்கச் சொன்னார்கள். யாரைத் தண்டிப்பது என்று கதைக்கும்போது நோக்கத்தைக் கேட்போம், கடுமையாகவே கேட்போம். எதைத் திருத்துவது என்று கதைக்கும்போது யாராவது நோக்கத்தைக் கேட்டால், கேள்வி மாறிவிட்டது என்று அவருக்குச் சொல்லவேண்டியது எங்கள் வேலை.